திருகோணமலையில் குறை சொல்லப் பழகினேன்

வியாழன், காலை 6.10. கொழும்பு புறக்கோட்டையிலிருந்து 6.10க்குப் புறப்பட வேண்டிய பஸ் 6.10க்கே புறப்பட்டது என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். எப்படியும் அரை மணி நேரம் தாமதமாகும், நடத்துநரை நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம் என்று ஐந்தே முக்காலுக்கே ஏறி உட்கார்ந்து தயாராக இருந்தேன். வேலையில்லாமல் போய்விட்டது. டிக்கெட் ஆயிரத்து எண்பது ரூபாய். மீதிச் சில்லறையையாவது தராமல் இருப்பார் என்று பார்த்தால் அதையும் உடனே எண்ணிக் கையில் வைத்துவிட்டார்.

எனக்கு வாய் நீளம். திண்டுக்கல்லில் ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் என்னைக் கண்டால் வேறு சவாரி இருப்பதாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் என் வேலை இதற்கு நேர் எதிரானது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்குத் தையலும் செல்போன் பழுதுபார்ப்பதும் கற்றுத்தரும் ஒரு சிறிய மையத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அங்கே வருகிற பிள்ளைகள் வீட்டிலும் வெளியிலும் திட்டு வாங்கியே வளர்ந்தவர்கள். அதனால் முதலில் பாராட்டு, பிறகும் பாராட்டு, முடிந்தால் கடைசியிலும் ஒரு பாராட்டு என்றுதான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். மையத்தின் வாசற்படியை மிதித்ததும் என் குரலில் சர்க்கரை கரைந்துவிடும். கை தானாகத் தட்டும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய், அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வருவதற்காக ஏற்பட்ட பரிமாற்றப் பயணம் இது. சக ஊழியர் ஒருவருக்கு லிஸ்பன் விழுந்தது. எனக்குத் திருகோணமலை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பெட்டி கட்டினேன்.

பகல் 12.40, கந்தளாய். பஸ் நின்றதும் ஒரு பெண்மணி இரண்டு தயிர்ச் சட்டிகளோடு ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றைத் தன் மடியில் வைத்தார், இன்னொன்றை என் மடியில் வைத்தார். "கொஞ்சம் பிடியுங்கோ தங்கச்சி" என்றது வைத்த பிறகு. நாற்பது கிலோமீட்டர் அந்தச் சட்டியை, ஒவ்வொரு பள்ளத்திலும் மூச்சைப் பிடித்தபடி, பச்சைக் குழந்தையைப் போலக் கொண்டுவந்து சேர்த்தேன். இறங்கும்போது சட்டியை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா ஆட்டிப் போட்டீங்கள்" என்றார். குறை சொல்வதில் என்னையும் மிஞ்சியவர்கள் இருக்கும் ஊருக்கு வந்துவிட்டேன் என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பகல் 1.50, திருகோணமலை பஸ் நிலையம். இந்த ஊரில் மான்கள் தெருவில் திரிகின்றன. புள்ளிமான்கள். கடை வாசலில் நிற்கின்றன, முச்சக்கர வண்டிகளுக்கு நடுவே படுத்திருக்கின்றன, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரு மான் என் கையிலிருந்த மூன்று நாள் நிகழ்ச்சி நிரலை மூலையிலிருந்து தின்னத் தொடங்கி, வெள்ளிக்கிழமை மாலை வரை தின்றுவிட்டது.

"அத விடுங்க அக்கா. அது நேத்தே மாறிட்டுது" என்றபடி ஒருவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர்தான் நௌசாத். கிண்ணியாக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கும். திருகோணமலைப் பக்கம் வேலையில்லாத இளைஞர்களைச் சேர்த்து ஏதாவது ஒரு தொழிலில் இறக்கிவிடுவது அவர் வேலை. ஒரு காதில் எப்போதும் போன் இருக்கும். இன்னொரு காதால் நம்மோடு பேசுவார்.

மாலை 4.00. துறைமுகத்தைப் பார்த்த ஒரு சிறிய மண்டபத்தில் கூட்டம். வந்திருந்த வெளியூர்க்காரர்கள் மூன்று பேர்தான். நான், ஜெர்மனியிலிருந்து யூர்கன், நேபாளத்திலிருந்து சரிதா. யூர்கன் சிறையிலிருந்து வெளிவரும் இளைஞர்களோடு வேலை செய்கிறவர். ஆறடிக்கு மேல் உயரம், குரல் மட்டும் தாலாட்டுப் போல மெதுவாக இருக்கும். சரிதா செங்கல் சூளைகளில் வேலை பார்த்த பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். எதற்கும் கலங்கும் ஈரமான கண்கள் அவளுக்கு.

அறிமுகத்துக்காக ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன் என்று நான் பையைத் திறந்து ஒரு நூல் உருண்டையை எடுத்தேன். யூர்கனும் தன் பையிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்தார். சரிதாவிடமும் ஒன்று இருந்தது. மூன்று நாட்டிலும் ஒரே விளையாட்டு. பெயரைச் சொல்லி உருண்டையை அடுத்தவருக்கு எறிய வேண்டும், கடைசியில் எல்லோரும் ஒரே வலையில் இணைந்திருப்போம். மூன்று உருண்டைகளையும் ஒரே நேரத்தில் எறிந்ததில் உண்மையாகவே இணைந்துவிட்டோம். யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. நௌசாத் போனில் பேசிக்கொண்டே கத்தரிக்கோல் தேடினார்.

நூலை வெட்டி எங்களை விடுவித்தது தர்சிகா. இருபது வயது. வடக்கே சல்லியில் வீடு. மீன்பிடிக் குடும்பம். முடியை இறுக்கிப் பின்னி, கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு, இந்த ஊர் வழக்கில் கொப்பியோடு, நின்றாள்.

"நான் விசயத்தைச் சொல்லட்டோ?" என்றாள். "நாங்கள் ஆறு பேர். துறைமுகத்தைச் சுற்றி போட்டில கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, பிறகு எங்கட ஊரில சாப்பாடு குடுக்கிறம். நிலாவெளியில ஒரு ஹோட்டல் இருக்கு. அங்க வாற வெள்ளைக்காரரை எங்களிட்ட அனுப்பலாமோ எண்டு பாக்க அந்த மனேஜர் சனிக்கிழமை வாறார். நீங்கள் மூண்டு பேரும்தான் டூரிஸ்ட். அவர் உங்களோட போட்டில இருந்து நாங்கள் எப்பிடிச் செய்யிறம் எண்டு பாப்பார்."

"அவருக்குப் பிடிக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"எனக்கு அக்கா ஒராள் கொழும்புக்குப் பக்கத்தில, கட்டுநாயக்காவில கார்மென்ட்ஸில நிக்கிறா. அவ தங்கியிருக்கிற அறையில ஒரு கட்டில் காலியா இருக்காம். எனக்கெண்டு சொல்லி வச்சிட்டா. இது சரிவராட்டி வாற கிழமை நான் போகோணும். எனக்குத் தைக்க விருப்பமில்லை, அக்கா. எனக்குக் கடல்ல கதைச்சுக்கொண்டு திரியத்தான் விருப்பம்."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நௌசாத் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் சரிதாவின் கண் கலங்கியது. யூர்கன் நெஞ்சில் கை வைத்து, பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார். நான் கைதட்டினேன். தர்சிகா எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

வெள்ளி, காலை 7.00. ஒத்திகை. ஜும்ஆத் தொழுகைக்கு நௌசாத்தும் படகோட்டி இம்ரானும் கிண்ணியா போக வேண்டும் என்பதால் பதினொன்றுக்குள் முடிக்கத் திட்டம். இம்ரானும் அந்த ஆறு பேரில் ஒருவன். மற்ற நால்வரில் இருவர் இறங்குதுறையிலும் இருவர் சல்லியில் சமையலிலும் நின்றார்கள்.

படகு இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தது. சரிதா இம்ரானிடம், எங்களுக்குக் கடலைப் பார்க்க நேரம் கொடுத்தாய் என்றாள். தேநீர் பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. யூர்கன் அதை இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்து, இந்தத் தேநீரில் உழைப்பு தெரிகிறது என்றார். தர்சிகா சீனன்குடாவின் பழைய எண்ணெய்த் தொட்டிகளைக் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், நேரே அடுத்த பக்கத்துக்குத் தாவி, பிறகு தடுமாறித் திரும்பி வந்தாள். நான், "அருமை, ரொம்ப அருமை" என்றேன். நிற்கும் இடத்தைச் சுற்றி மலையும் நீலத் தண்ணீரும். அழகான இடம்தான். ஆனால் யூர்கன் அவளிடம், இந்தத் துறைமுகம் உனக்குள் என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்டபோது அவள் கொஞ்சம் யோசித்து, "மீன்" என்றாள். அதற்கும் கைதட்டினோம்.

இறங்குதுறைக்குத் திரும்பியதும் தர்சிகா கொப்பியைப் படாரென்று மூடினாள்.

"நௌசாத் அண்ணா, இவையளோட ஒத்திகை பாக்க ஏலாது."

"ஏன்?"

"எல்லாத்துக்கும் கைதட்டினா நான் எங்க பிழை விட்டனான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? ஹோட்டல்ல நிக்கிற ஆக்கள் இப்பிடியே? அவையள் ஒரு தேத்தண்ணி ஆறினா மனேஜரைக் கூப்பிடுற ஆக்கள். நாளைக்கு மனேஜர் பாக்க வாறது அதைத்தான். கோவிச்சுக்கொண்டு நிக்கிற ஆளை நாங்கள் சமாளிக்கிறமோ எண்டு."

நௌசாத் போனைக் காதிலிருந்து எடுத்தார். மூன்று நாளில் அவர் அதை எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இவ சொல்றது சரி. தயவு செஞ்சு நாளைக்குக் கொஞ்சம் கூடாத ஆக்களா இருங்க" என்று எங்களைக் கேட்டுக்கொண்டார்.

காலை 10.15. தொழுகைக்கு முன் மிச்சமிருந்த நேரத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, மூன்று நாட்டு இளைஞர் பணியாளர்களுக்குக் குறை சொல்வது எப்படி என்று வகுப்பு எடுத்தாள். பதினோரு வருடத்தில் நான் உட்கார்ந்த பயிற்சிகளிலேயே கடினமானது இதுதான்.

"தேத்தண்ணி ஆறியிருக்கு. சொல்லுங்கோ" என்றாள் யூர்கனிடம்.

யூர்கன் கண்ணை மூடித் திறந்தார். கொஞ்சம் சூடான தேநீருக்கான சிறிய ஆசை ஒன்று தனக்குள் எழுவதைத் தான் கவனிப்பதாகவும், அதற்கு யாரும் பொறுப்பல்ல என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். சரிதா, "இது..." என்று தொடங்கி, இம்ரானின் முகத்தைப் பார்த்து, அழுதுவிட்டாள்.

"அக்கா, நீங்கள்?"

ஆட்டோக்காரர்களை நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். எதிரே நின்றது வேலைக்காக முட்டி மோதும் ஒரு பெண்பிள்ளை. என் தொண்டையிலிருந்து மையத்துக் குரல்தான் வந்தது. "டீ நல்லாத்தான்மா இருக்கு. நாளைக்கு இன்னும் நல்லா இருக்கும்." தர்சிகா தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. திண்டுக்கல்லே பயப்படும் வாயை வைத்துக்கொண்டு ஒரு ஆறின தேநீரைத் திட்ட முடியவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

சனி, காலை 7.00. மனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. படகில் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றித் துடைத்து ஒரு பைக்குள் வைத்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டார். சட்டைப்பையில் சின்னக் குறிப்புப் புத்தகம்.

எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. படகு நேரத்துக்கு வந்தது. "போட் ஓடேக்க எழும்பாதீங்கோ, விளிம்பில சாயாதீங்கோ" என்று தர்சிகா தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னாள். எண்ணெய்த் தொட்டிகளின் கதையை முழுசாகச் சொல்லி முடித்தாள். மனேஜர் ஒரு வரி எழுதினார்.

காலை 8.05. துறைமுகத்தின் நட்ட நடுவில் என்ஜின் நின்றது.

இதற்குப் பிறகு நடந்ததை எந்த நீதிமன்றத்திலும் நியாயப்படுத்த முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முகத்தைச் சுளிக்க வேண்டும், முணுமுணுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளை கஷ்டப்படுவதைக் கண்டதும் எங்கள் மூன்று பேருக்கும் மூளை வேலை செய்யவில்லை. பழக்கம்தான் வேலை செய்தது. யூர்கன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய், இம்ரானை அன்பாக நகர்த்திவிட்டு என்ஜின் கயிற்றைத் தானே இழுக்கத் தொடங்கினார். சரிதா சோர்வைப் போக்க ஒரு பாட்டு விளையாட்டு ஆரம்பித்து, மனேஜரையும் கைதட்ட வைக்கப் பார்த்தாள். நான் தர்சிகாவின் கையிலிருந்து பிளாஸ்கைப் பிடுங்கி, "நீ உட்காரும்மா, பதறாதே, நான் பார்த்துக்கறேன்" என்று எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். தர்சிகா என் கையைப் பிடித்து, "அக்கா, வேண்டாம், விடுங்கோ, விடுங்கோ" என்று கிசுகிசுத்தாள். நான் அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன்.

மனேஜர் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, ஒரு கேள்வி" என்றார். "என்ஜினைப் பாக்கிறது ஆர்? விருந்தாளி. தேத்தண்ணி தந்தது ஆர்? விருந்தாளி. பாட்டுப் படிக்கிறது ஆர்? அதுவும் விருந்தாளி. நீங்கள் ரெண்டு பேரும் என்ன செய்யிறீங்கள்?"

தர்சிகா என் கையிலிருந்து பிளாஸ்கை வாங்கிக்கொண்டாள்.

"நல்ல பிள்ளையள். அதில குறையில்லை. ஆனா என்ர ஹோட்டலில நிக்கிற சனம் என்ஜினை இழுக்க வராது. நான் கண்டது காணும். போட்டைத் திருப்புங்கோ, எனக்கு வேற வேலை கிடக்கு." குறிப்புப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தர்சிகாவின் முகம் செத்துப்போனது. எங்கள் மூன்று பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. உதவி செய்தே அந்தப் பிள்ளையின் வேலையில் மண்ணைப் போட்டிருந்தோம்.

யூர்கன் கயிற்றை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இம்ரான் என்ஜினிடம் போய் ஏதோ ஒரு குழாயைக் கழற்றி ஊதி, மாட்டி, ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். என்ஜின் பிடித்துக்கொண்டது. ஐயோ, அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. துள்ளி எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பலமாகக் கைதட்டினேன்.

"அக்கா, எழும்பாதீங்கோ" என்றாள் தர்சிகா. படகு வெட்டித் திரும்பியது. நான் விளிம்பில் விழுந்து எதையோ பிடித்துக்கொண்டேன். மூக்கிலிருந்து கண்ணாடி கழன்றது. தண்ணீரில் விழுந்தது. போய்விட்டது.

கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்று தெரியாது. அந்நிய ஊர், நடுக்கடல், முழங்கையில் அடி. பதினோரு வருடமாக அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"என்ன படகு இது? ஏறினதுலேருந்து ஒண்ணாவது ஒழுங்கா நடந்துச்சா? நின்னா நிக்குது, கிளம்பினா ஆளைக் கடல்ல தள்ளுது. டீன்னு ஒண்ணு, வாயில வைக்க முடியல. நேத்தும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான். நான் எப்படி ஊர் போய்ச் சேருவேன்? ஒரு நாலு பேரைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போகத் தெரியாத உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?"

கடைசி வாக்கியம் வெளியே வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. எங்கள் மையத்தில் எந்தப் பிள்ளையிடமும் யாரும் சொல்லக் கூடாது என்று நான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் வார்த்தை அது.

சரிதா விம்மும் சத்தம் கேட்டது. யூர்கன் எழுந்து என் பக்கம் வருவது பெரிய நிழலாகத் தெரிந்தது. "நீங்கள் இருங்கோ, சர்" என்றாள் தர்சிகா ஆங்கிலத்தில். நிழல் உட்கார்ந்தது.

அவள் என் முன்னே வந்து குந்தினாள். "அக்கா, என்ர முகம் தெரியுதோ?"

"புகை மாதிரி தெரியுது."

"முழங்கை நோகுதோ? மடக்குங்கோ பாப்பம். சரி, முறியேல்ல." குரல் நடுங்கவில்லை. "கண்ணாடியை எடுக்க ஏலாது, அக்கா. இது நல்ல ஆழம். எடுத்துத் தாறன் எண்டு பொய் சொல்ல மாட்டன். வேற கண்ணாடி கொண்டு வந்தனீங்களோ?"

அப்போதுதான் நினைவு வந்தது. "தங்கியிருக்கிற ரூம்ல ஒரு பழசு இருக்கு. பெட்டியில, பக்கத்து ஜிப்புல."

"என்ன நிறப் பெட்டி?"

"நீலம்."

போனை எடுத்தாள். இறங்குதுறையில் நிற்கும் தோழியிடம், மோட்டார் சைக்கிளில் போய் நீலப் பெட்டியின் பக்கத்து ஜிப்பில் இருக்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து நிற்கும்படி சொன்னாள். கூடவே கொதிக்கக் கொதிக்கத் தேநீரும். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள்.

"இன்னொண்டு, அக்கா. எழும்ப வேண்டாம் எண்டு நான் ரெண்டு தரம் சொன்னனான். நீங்கள் கேக்கேல்ல. எண்டாலும் இது என்ர போட்டில நடந்தது, நான் பாத்துக்கொள்ளுவன். ஆனா இனிக் கரைக்குப் போகும்வரைக்கும் நீங்கள் எழும்பக் கூடாது. கைதட்டவும் கூடாது."

"சரிம்மா" என்றேன். அந்தத் தொனியில் என்னிடம் பேசியது என் மாமியார் மட்டும்தான்.

"மனேஜர் சர்," என்று அவர் பக்கம் திரும்பினாள், "நீங்கள் திருப்பச் சொன்னனீங்கள். நீங்கள் சொல்லாட்டியும் இப்ப திருப்பத்தான் வேணும். அக்காவைக் கரையில விட்டிட்டு, விருப்பமெண்டால் மிச்சத்தைப் பாருங்கோ. விருப்பமில்லாட்டி நாங்கள் இவையளோட போறம்." என்னைச் சுற்றிப் புகையாக இருந்த உலகத்தில், காகிதம் புரளும் சத்தம் ஒன்று கேட்டது.

காலை 8.50. இறங்குதுறையில் கண்ணாடியும் தேநீரும் காத்திருந்தன. தேநீர் நாக்கைச் சுட்டது. பழைய கண்ணாடி வழியாகப் பார்த்தபோது மனேஜரின் கையில் குறிப்புப் புத்தகம் திறந்திருந்தது.

"அம்மா நல்லா நடிச்சீங்கள்" என்றார் என்னிடம். யூர்கன் உடனே, நேற்றுதான் பயிற்சி எடுத்தோம், நேற்று இவருக்குக் கொஞ்சமும் வரவில்லை, இன்று பாருங்கள் என்று ஆங்கிலத்தில் பெருமையோடு சொல்லி என் தோளைக் குலுக்கினார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மனேஜர் அதற்குள் தர்சிகாவிடம் திரும்பிவிட்டார். "உமக்கு இது முதலே தெரியுமோ?"

"தெரியாது, சர்."

அவர் இரண்டு வரி எழுதினார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு எட்டுப் பேர் இருக்கினம். பிரெஞ்சுக்காரர். சரியான கரைச்சல் பிடிச்ச ஆக்கள், எல்லாத்துக்கும் குறை சொல்லுவினம். மூண்டு கிழமை பாப்பம். சரிவந்தா சீசன் முழுக்கத் தாறன்."

"ஆறு பேருக்கும்தானே, சர்?"

"ஓம், ஆறு பேருக்கும்தான்" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடந்தார். இம்ரான் படகிலேயே ஒரு குதி குதித்தான். தர்சிகா சிரிக்கவில்லை. "எட்டுப் பேர், எட்டு லைஃப் ஜக்கெட்" என்று விரல் மடக்கிக்கொண்டு நின்றாள்.

பகல் 1.00, சல்லி. அம்மன் கோவிலைத் தாண்டி, கருவாடு காயும் மணலை ஒட்டி ஒரு கொட்டகையில் சாப்பாடு. மீன்குழம்பு, சொதி, கணவாய்ப் பிரட்டல். எல்லோரும் என் நடிப்பைப் பற்றியே பேசினார்கள். சரிதா தான் உண்மையென்று நம்பி அழுததைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். அவமானமாக இருந்தது. நான் நடிக்கவில்லை. அந்தப் பிள்ளையை, அதற்கு எந்த வார்த்தை வலிக்குமோ அந்த வார்த்தையால் உண்மையாகவே அடித்திருந்தேன். அதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு, காலை 7.05. கொழும்பு பஸ் ஏழரைக்கு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன். தர்சிகா சைக்கிளில் வந்து ஜன்னலுக்குக் கீழே காலூன்றி நின்றாள். இறங்குதுறைக்குப் போகிற வழியாம்.

"அக்கா, நீங்கள் நேற்று நடிக்கேல்ல. எனக்குத் தெரியும்."

எனக்கு முகம் சுட்டது. "இல்லம்மா. நிஜமாத்தான் கத்தினேன். கடைசியில ஒண்ணு சொன்னேனே, அது சொல்லக் கூடாத வார்த்தை. மன்னிச்சுக்க."

"நோவாத்தான் இருந்தது" என்றாள். "ஆனா அதாலதான் பயம் வந்தது. பயம் வந்தாப் பிறகுதான் என்ன செய்யோணும் எண்டு விளங்கினது." கொப்பியைத் திறந்தாள். "இண்டைக்கு எட்டுப் பேர் வருகினம். பஸ் எடுக்க இன்னும் இருவது நிமிசம் இருக்கு. எனக்கு மன்னிப்பு வேண்டாம். வேற என்னென்ன பிழை எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

திண்டுக்கல்லில் என் மாணவன் கார்த்தியின் ஞாபகம் வந்தது. அவன் தைக்கும் சட்டைகளில் காலர் ஒரு பக்கம் இழுக்கும். ஆறு மாதமாக 'சூப்பர்டா' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு மாதமாக எந்தக் கடைக்காரரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை, ஏன் என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது. அவனுக்குப் பிரியமாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"எழுதிக்க" என்றேன். "கப்பலைக் காட்டும்போது நீ கப்பலைப் பார்க்கிற, ஆளுங்களைப் பார்க்கறதில்ல. கோணேசர் கோவில் கதை ரொம்ப நீளம், பாதியில கொட்டாவி வந்துச்சு. கேள்வி கேட்டா பதில் தெரியலைன்னு சொல்ல மாட்டேங்கிற, எதையோ சொல்லி மழுப்புற." அவள் தலை நிமிராமல் எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் "ஓம்", "ஓம்" என்றாள். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் வந்த வெளிச்சம், மூன்று நாள் கைதட்டியதில் ஒருமுறைகூட வரவில்லை.

பஸ் நகர்ந்தது. எனக்கு இன்னும் முடியவில்லை. தலையை வெளியே நீட்டி, "அந்த லைஃப் ஜாக்கெட் நாறுது, துவைச்சுப் போடு" என்று கத்தினேன். "குழம்புல உப்பு ஜாஸ்தி. இம்ரானை வெத்தலை போட்டுக்கிட்டுப் பேசாதேன்னு சொல்லு." அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு, கொப்பியும் கையுமாகப் பஸ்ஸோடு கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்து எழுதினாள். சிரித்துக்கொண்டே எழுதினாள். வளைவில் பஸ் திரும்பியதும் மறைந்தாள்.

உள்ளே தலையை இழுத்தபோது பஸ் முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தங்கச்சி அந்தப் பிள்ளையை அப்பிடிப் பேசுறீங்கள்? பாவம்."

"பாவமெல்லாம் இல்லைங்க ஐயா" என்றேன். "ஒன்பது மணிக்கு வேலைக்குப் போறா."